தினமும் எழுத எந்த மை? சாய மை, நிறமி மை, மாசிக்காய் மை

ஒரு தம்ளர் தண்ணீர் கவிழ்ந்து என் குறிப்பேட்டில் 11 பக்கம் வெளுத்துப்போன அன்றுதான் மையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். அதுவரை மை ஊற்றி எழுதும் பேனாவைத்தான் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தேன். நிப் எஃகா தங்கமா, மை நிரப்புவது கழற்றி மாட்டும் கன்வெர்ட்டரிலா, பேனாவின் உடலுக்குள்ளேயே இருக்கும் பிஸ்டனிலா என்பதெல்லாம் எழுதும்போது கைக்குத் தெரிகிற விஷயங்கள். எழுதியது நிற்குமா என்பதை முடிவு செய்வது மைதான். அப்புறம் மூன்று வகை மையையும் தினசரி எழுத்தில் ஓட்டிப் பார்த்தேன். இப்போது 3 வருடமாக ஒன்றில் நிற்கிறேன்.

சாய மையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரில் முழுதாகக் கரைந்த சாயம் அது. வாட்டர்மேனின் செரினிட்டி புளூ, பைலட்டின் இரோஷிசுக்கு வரிசை எல்லாம் இந்த வகை. நிறங்களுக்குக் கணக்கே இல்லை. பேனாவுக்குள் காய்ந்துபோனாலும் வெறும் தண்ணீரில் கழன்று ஓடிவிடும். இன்றைக்கும் புதுப் பேனா எதையும் நான் முதலில் செரினிட்டி புளூவில்தான் ஓட்டிப் பார்க்கிறேன். கோளாறு பேனாவிலா மையிலா என்ற குழப்பம் வராது. ஆனால் பேனாவை விட்டு எவ்வளவு சுலபமாகப் போகிறதோ, அவ்வளவு சுலபமாகத் தாளை விட்டும் போய்விடும். பல வருடம் வைத்துப் படிக்க வேண்டிய எழுத்துக்கு நான் இதைத் தொடுவதில்லை.

தண்ணீர் பயத்தில் நேராக நிறமி மைக்குப் போனேன். பிளாட்டினம் நிறுவனத்தின் கார்பன் பிளாக், செய்லரின் கிவாகுரோ இரண்டும் இதில் பேர் போனவை. இவற்றில் கருமை கரைந்திருப்பதில்லை, மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. எழுதியதும் தாளின் இழைகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினாலும் அசையாது, வெயிலுக்கும் வெளுக்காது. கோடு போட்டு அதன் மேல் நீர்வண்ணம் தீட்டுகிறவர்கள் இதைத் தேடிப் போவது நியாயம்தான். எனக்கு வினை வந்தது பேனாவுக்குள். மூடி அவ்வளவு இறுக்கமில்லாத ஒரு பேனாவை மை நிரப்பியபடியே 5 வாரம் மறந்துவிட்டேன். திறந்து பார்த்தால் நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் ஃபீடின் பள்ளங்களெல்லாம் அடைத்துக் கிடந்தன. இரண்டு நாள் ஊற வைத்தேன், நிப்பைக் கழற்றிப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். மை ஓட்டம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

மை தாளில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது என்பது அங்கேதான் உறைத்தது. காய்ந்த மையைப் பேனாவுக்குள்ளிருந்து எதைக் கொண்டு வெளியே எடுப்பது என்றும் பார்க்க வேண்டும். தினமும் தவறாமல் எழுதுகிற பேனாவில் நல்ல மை எதுவும் பெரிதாகத் தொல்லை தராது. காய்ச்சலில் படுத்த வாரம், பயணம் போன மாதம், இழுப்பறைக்குள் மறந்துபோன இரண்டாவது பேனா, இவைதான் மையின் குணத்தைக் காட்டிக்கொடுக்கும். காய்ந்த சாயம் தண்ணீருக்கு இறங்கிவரும். கார்பன் துகளை எதுவும் கரைக்காது, தேய்த்தும் அதிரவைத்தும்தான் கிளப்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவில், தண்ணீருக்கு மசியாமல் மெல்லிய அமிலத்துக்கு மட்டும் மசிகிற மை ஒன்று இருக்கிறது. நான் நிற்பது அதில்தான், மாசிக்காய் மையில்.

ஓக் மரத்தில் ஒரு வகைக் குளவி முட்டையிட்ட இடம் புடைத்து வளர்வதுதான் மாசிக்காய். அதிலுள்ள டானினும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்ந்தால் இந்த மையின் அடிப்படை கிடைத்துவிடும். ஐரோப்பாவில் பல நூறு வருடங்கள் பத்திரமும் கடிதமும் எழுதியது இதில்தான். புட்டிக்குள் இருக்கும்வரை இரும்பு கரைந்த நிலையில் இருக்கும், நிறம் அதிகமில்லை. எழுதும்போது நம் கண்ணுக்குத் தெரிவது கூடவே கலந்த நீலச் சாயம். தாளில் காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து, கரையாத கறுப்பாக மாறிவிடுகிறது. நீலமாக எழுதிய வரி மறுநாள் காலையில் கருநீலமாக நிற்பதைப் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. மட்டமான தாளிலும் இந்த மை அதிகம் கசிந்து பரவுவதில்லை, பின்பக்கம் ஊடுருவுவதும் குறைவு. தினசரி எழுத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பிளாட்டினம் புளூ பிளாக், பெலிக்கன் 4001 புளூ பிளாக், ரோரர் அண்ட் கிளிங்னரின் சாலிக்ஸ், ஸ்கபியோசா எல்லாம் இந்த வகை. இரும்பு கூடுதலாக வேண்டும் என்றால் டயமின் ரெஜிஸ்ட்ரார்ஸ் இருக்கிறது. நான் தினமும் நிரப்புவது பிளாட்டினம் புளூ பிளாக்.

சரி, கழுவும் விஷயம். இரண்டு முறை மை தீர்ந்ததும் ஒருமுறை தண்ணீரில் அலசிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு பங்கு வெள்ளை வினிகரை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து நிப்பையும் ஃபீடையும் ஓரிரு மணி நேரம் ஊற வைத்து, நன்றாகத் தண்ணீர் விட்டு அலசுகிறேன். வைட்டமின் சி தூள் கரைத்த தண்ணீரும் வேலை செய்யும்; காற்றுப் பட்டு மாறிய இரும்பை அது பழையபடி கரையும் நிலைக்குக் கொண்டுபோகிறது. மறந்து 6 வாரம் கிடந்த பேனா ஒன்று ஒரே சாயங்காலத்தில் தெளிந்து வந்தது. அம்மோனியா கலந்த பேனா கழுவும் திரவத்தை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அம்மோனியா அமிலத்துக்கு எதிரான காரம், அது பட்டால் இரும்பு உள்ளேயே படிந்துவிடும். வேறு மையிலும் காரம் இருக்கக்கூடும் என்பதால் அதோடு கலக்கவும் கூடாது.

குறைகளும் உண்டு. நிறங்கள் குறைவு. ஓட்டம் கொஞ்சம் வறட்சி, ஆகவே மை தாராளமாக விடும் நிப் வேண்டும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் கைப்பட எழுதிய இசைத் தாள்களை இந்த வகை மை அரித்திருக்கிறது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது உண்மைதான், ஆனால் இன்றைய பேனாவுக்கான கலவைகளில் இரும்பும் அமிலமும் பழைய மைகளைவிட வெகு குறைவு. எஃகு நிப்தான் எனக்கு உள்ள கவலை. ஒன்றரை வருடம் ஓட்டிய இரண்டு எஃகு நிப்களில் ஒன்றில் முலாம் மங்கியிருக்கிறது, மற்றதில் ஒன்றுமில்லை. இரண்டே நிப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தங்கத்தை இந்த அமிலம் தொடாது என்பதால் பிளாட்டினம் நிறுவனத்தின் 3776 செஞ்சுரி பேனாவுக்கு மாறினேன். 14 காரட் நிப், அதோடு உள்மூடி காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்கிறது. 24 மாதம் வரை மை காயாது என்கிறது நிறுவனம். நான் சோதித்தது 3 மாதம்வரைதான், மூடியைத் திறந்ததும் எழுதியது.

தங்க நிப் வேண்டாம் என்கிறவர்கள் லாமி சஃபாரி மாதிரி நிப்பைக் கையாலேயே உருவி மாற்றக்கூடிய பேனாவை எடுத்துக்கொள்ளலாம். ட்விஸ்பி ஈக்கோ போன்ற பிஸ்டன் பேனாவில் நான் இந்த மையை ஓட்டியது இரண்டு மாதம் மட்டுமே. கன்வெர்ட்டர் பேனாவில் பின்னாலிருந்து ரப்பர் பல்பால் தண்ணீரைப் பீய்ச்சிவிடலாம். பிஸ்டனில் திருகித் திருகித்தான் கழுவ வேண்டும், நேரம் பிடிக்கிறது.

கார்பன் பிளாக் புட்டியை நான் தூக்கிப் போட்டுவிடவில்லை. தபால் உறைகளில் முகவரி எழுத ஒரு பிளாட்டினம் பிரெப்பியில் அது இருக்கிறது. விலை குறைந்த பேனா, மூடி நன்றாக அடைக்கிறது, அடைத்துக்கொண்டாலும் மனம் பதறாது.