ஆசிரியர் மதிப்பீடு: தாளிலா, இணையத்திலா?

மாணவர்கள் தங்கள் ஆசிரியரை மதிப்பிடும் படிவம் தாளில் என்றால், வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நிரப்பித் தந்துவிடுவார்கள். அன்று வராதவரின் கருத்து மட்டும் விடுபடும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயமும் உண்டு.

இணையத்தில் அந்தப் பயம் வேறு வடிவில் வருகிறது: உள்நுழைந்துதானே எழுதுகிறோம், பெயர் தெரிந்துவிடாதா? அச்சுச் செலவு மிச்சம், சரி. கருத்துகளும் பொதுவாக நீளமாக வருகின்றன. ஆசிரியருக்கு மதிப்பெண்ணைவிட அவைதான் உதவும். ஆனால் பதில் தருவோர் எண்ணிக்கை சரிந்துவிடுகிறது. 60 பேர் வகுப்பில் 12 பேர் எழுதியதை வைத்து ஒருவரின் பதவி உயர்வை முடிவு செய்வது அநியாயம்.

நான் இணையத்தையே தேர்ந்தெடுப்பேன், ஒரு நிபந்தனையோடு: வகுப்பிலேயே 15 நிமிடம் ஒதுக்க வேண்டும். ஆசிரியர் வெளியே போன அப்புறம் மாணவர்கள் கைபேசியில் நிரப்பட்டும்.