அப்ரைசலில் அநியாயமா? கையெழுத்தா, பேச்சா, கடிதமா

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (ஆர்டரை ஆரம்பம் முதல் சரக்கு போகும்வரை கவனிப்பவர்) இருந்தபோது, அப்ரைசல் என்கிற வருடாந்தர வேலை மதிப்பீட்டுத் தாளில் எனக்கு ஐந்துக்கு இரண்டு போட்டிருந்தார்கள். காரணம் ஒரே வரி: "ஷிப்மென்ட் தாமதம், ஏர் செலவு." அதாவது, தாமதமான சரக்கை விமானத்தில் அனுப்பிய செலவு. சாயப்பட்டறையில் ஷேடு (நிறம்) சேராமல் துணி இரண்டு முறை திரும்பிய கதை அதில் இல்லை. லேப் டிப்புக்கு, அதாவது நிறம் பார்க்கச் சாயம் போட்டு அனுப்பும் சின்னத் துணி மாதிரிக்கு, அப்ரூவல் தராமல் பையர் ஒன்பது நாள் இழுத்ததும் இல்லை.

பேசாமல் கையெழுத்துப் போடுவதுதான் சுலபம். "போட்டுட்டு வேலையப் பாருங்க தம்பி, அடுத்த வருசம் ஏத்தித் தருவாங்க" என்றார் பக்கத்து சீட்டு அண்ணன். எங்கே ஏற்றுவார்கள்? போன வருடத் தாளை முன்னால் வைத்துக்கொண்டுதான் இந்த வருடத் தாளையே எழுதுகிறார்கள். 20,000 ரூபாய்ச் சம்பளத்தில் 10 சதவீதம் ஏற வேண்டிய இடத்தில் 3 ஏறினால் மாதம் 1,400, வருடத்துக்கு 16,800 போச்சு. அடுத்த உயர்வும் அந்தக் குறைந்த சம்பளத்தின் மேல்தான்.

முதலாளிக்கு வேண்டப்பட்ட மாமா யாரையாவது பிடித்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போவது இன்னொரு வழி. சில சமயம் பலிக்கும். ஆனால் திங்கட்கிழமை சாம்பிளுக்கு அதே மேனேஜரிடம்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

சட்டம்? அரசு ஊழியர் என்றால் கொஞ்சம் பிடி இருக்கிறது. ஆண்டு மதிப்பீட்டுப் பதிவு எதுவானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னது. மத்திய அரசில் முறையீடு கொடுக்க 15 நாள் உண்டு. தனியார் கம்பெனியில் அந்தக் கதவு கிடையாது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும், மேற்பார்வை வேலையில் மாதம் 18,000-க்கு மேல் வாங்குபவர் 'தொழிலாளி' கணக்கில் வரமாட்டார்.

அப்புறம் மேனேஜரிடம் நேரில் பேசிப் பார்த்தேன். "எந்த ஆர்டருங்க சார்?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் சேத்துத்தான்" என்றார். டீ வந்தது, பேச்சு தீபாவளி போனஸுக்குப் போய்விட்டது. நேரில் பேசுவதில் இதுதான் தொல்லை. மனம் லேசாகும், தாள் மாறாது. ஆனாலும் பேசாமல் நேராகக் கடிதம் போட்டால் சண்டைக்கு வந்த மாதிரி ஆகிவிடும். அதனால் முதலில் பேச்சு, இரண்டு நாளில் கடிதம். என் ஓட்டு இதற்குத்தான்.

கடிதம் ஒரே பக்கம். லேப் டிப் அனுப்பிய தேதி, அப்ரூவல் வந்த தேதி, துணி பட்டறைக்குப் போனது, திரும்பியது என்று ஆர்டர்வாரியாகக் கட்டம் போட்டேன். 'அநியாயம்' என்ற சொல்லை எழுதி, அடித்துவிட்டேன். மேனேஜருக்கு மெயில், எச்.ஆருக்கு நகல். அப்ரைசல் தாளில் "பெற்றுக்கொண்டேன், மதிப்பெண்ணில் உடன்பாடில்லை, விளக்கம் தனியே" என்று எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு, மூன்றாக ஆனது. நான்கு வரவில்லை.

கோபத்தில் கம்பெனி மாறுவது திருப்பூரின் பழைய மருந்து, சம்பளமும் கூடும். ஆனால் புது இடத்தில் இருந்து பழைய இடத்துக்கு ஒரு போன் போகத்தான் செய்யும். மாறுவதானால் கடிதம் கொடுத்து, ஆறப்போட்டு, ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்கிக்கொண்டு மாறலாம்.

நான் உடனே மாறவில்லை. அடுத்த சீசனில் மறுபடி ஷேடு சிக்கியபோது மேனேஜரே கூப்பிட்டார். "அந்தத் தேதிக் கட்டம் ஒண்ணு போட்டிருந்தியே, அதே மாதிரி இந்த ஆர்டருக்கும் போட்டு அனுப்பு, பையருக்குக் காட்டணும்."