ரோஜர்ஸ் பாஸ் போகக் கட்டிய 1,860 டாலர் போச்சு: பனிக்காலப் பேக்கேஜ் வாங்குபவர்கள் கவனத்துக்கு

சனிக்கிழமை காலை நடந்தது. இன்று செவ்வாய். நேற்று இரவு வரை பணம் திரும்பி வரும் என்று நம்பிக்கொண்டிருந்த மடையன் எழுதும் பதிவு இது. 1,860 டாலர். கனடியன் டாலர்தான், ஆனாலும் உழைத்த காசு.

நான் கால்கரியில் இருக்கிறேன். நான்கு குளிர்காலமாக ரிசார்ட்டில் ஸ்கீ பலகையில் சறுக்கிப் பழகியிருக்கிறேன். இந்த வருடம் நானும் அலுவலக நண்பர் ஒருவரும் கிளேசியர் தேசியப் பூங்காவில் (நம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருப்பது, அமெரிக்காவில் இருப்பது அல்ல) உள்ள ரோஜர்ஸ் பாஸ் என்ற மலைக் கணவாய்க்கு ஸ்கீ டூரிங் போகலாம் என்று கிளம்பினோம். அதில் லிஃப்ட் எல்லாம் கிடையாது. பலகைக்கு அடியில் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு நம் காலாலேயே மலை ஏற வேண்டும், மேலே போய் அதை உரித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சறுக்கி இறங்க வேண்டும். பனிச்சரிவு வரும் இடம் என்பதால் வழிகாட்டி இல்லாமல் போகும் துணிச்சல் எங்களுக்கு இல்லை. தேடியபோது அகப்பட்டது இந்த வலைத்தளம். பெயர் எழுதப்போவதில்லை. மலைப் பயணங்களைப் பேக்கேஜாக விற்கும் ரகம், அவ்வளவுதான்.

மூன்று நாள் வழிகாட்டி, வீலர் ஹட் என்ற மலைக் குடிலில் இரண்டு இரவு, பனியில் புதைந்தவரைத் தேடி எடுக்க பீக்கன் (சிக்னல் கருவி), புரோப் (குத்திப் பார்க்கும் கம்பி), ஷவல், பூங்கா பெர்மிட், எல்லாம் சேர்த்து இருவருக்கும் 1,860 டாலர். மற்ற இடங்களில் கேட்ட விலையோடு ஒப்பிட்டால் கொள்ளை மலிவு. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஏன் உறைக்கவில்லை என்பதைச் சொல்கிறேன். போனில் பேசிய ஆள் பணப் பேச்சையே எடுக்கவில்லை. "ஏ.எஸ்.டி 1 பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்கிறீர்களா? பீக்கனைக் கையில் வைத்துத் தேடிப் பழகியிருக்கிறீர்களா? முழங்காலில் ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று வரிசையாகக் கேட்டான். அந்த இரண்டு நாள் பயிற்சியை முடித்திருக்கிறோம் என்றதும், "நல்லது, அது இல்லாதவர்களை நான் கூட்டிப்போவதில்லை" என்றான். அப்புறம் அதே ரோஜர்ஸ் பாஸில் நடந்த 1910 மார்ச் கதையைச் சொன்னான். தண்டவாளத்தில் விழுந்து கிடந்த சரிவை இரவோடு இரவாக அள்ளிக்கொண்டிருந்த ரயில்வே தொழிலாளிகள் மேல், எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்து 58 பேரைக் கொன்ற கதை. மெதுவாக, மரியாதையாகச் சொன்னான். ஏமாற்றுகிறவன் அவசரப்படுத்துவான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவனோ என் உயிரைப் பற்றிக் கவலைப்பட்டான். அதில்தான் விழுந்தேன்.

கார்டில் கட்டினால் ஐந்து சதவீதம் கூடுதல், இ-டிரான்ஸ்ஃபர் (வங்கிக் கணக்கிலிருந்து மின்னஞ்சல் வழியாக அனுப்புவது) என்றால் அது மிச்சம் என்றான். அனுப்பினேன். பாதுகாப்புக் கேள்வி கூட வரவில்லை, ஆட்டோ டெபாசிட்டில் நேராக உள்ளே போய்விட்டது. பத்து நிமிடத்தில் பெர்மிட் என்று ஒரு படமும், "மூன்று நாள் ரூட் கன்ஃபர்ம்" என்று ஒரு வரைபடமும் வந்தன.

வெள்ளிக்கிழமை இரவு கோல்டனில் மோட்டல் போட்டுத் தங்கினோம். விடிவதற்கு முன் 80 கிலோமீட்டர் ஓட்டி, எட்டு மணிக்குச் சந்திப்பதாகச் சொன்ன டிஸ்கவரி சென்டர் (பூங்காவின் தகவல் மையம்) வாசலில் நின்றோம். மைனஸ் பதினேழு. யாரும் இல்லை. அங்கே பசிபிக் நேரம், நம் நேரத்துக்கு ஒரு மணி பின்னால், நாம்தான் சீக்கிரம் வந்துவிட்டோம் என்று முதல் ஒரு மணி நேரத்துக்கு அவனுக்காக நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபிளாஸ்கில் இருந்த டீ தீர்ந்துபோனது.

ஒன்பதே காலுக்கு ஒரு செய்தி வந்தது: "பனிச்சரிவுக் கட்டுப்பாட்டுக்காக நெடுஞ்சாலை மூடப்பட்டிருக்கிறது, வழிகாட்டியால் வர முடியவில்லை." அதே நெடுஞ்சாலையில்தான் நாங்கள் வந்திருந்தோம். இரு பக்கமும் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வீடியோ எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை.

உள்ளே போய்க் கவுண்டரில் அந்தப் பெர்மிட் படத்தைக் காட்டினேன். அங்கிருந்த பெண் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது போன சீசனுடையது, பெயரையும் அழித்திருக்கிறார்கள்" என்றார். குளிர்கால பெர்மிட்டுக்குக் காசே கிடையாதாம். நாமே விதிகளைப் படித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி எடுத்துக்கொள்வதாம். ரூட் கன்ஃபர்ம் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். சாலைக்கு மேலே சேர்ந்திருக்கும் பனியை ராணுவம் ஹோவிட்சர் பீரங்கியால் சுட்டு இறக்குகிற இடம் அது. கட்டுப்பாட்டுப் பகுதிகளில் எது திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பது அன்றன்று காலையில்தான் தெரியும். இரண்டு வாரம் முன்னால் எவனாலும் கன்ஃபர்ம் பண்ண முடியாது. ஹட்டிலும் எங்கள் பெயரில் பதிவு இல்லை. பீக்கனும் கையில் இல்லாததால் அருகிலிருந்த சரிவில் கூடக் கால் வைக்காமல் வண்டியைத் திருப்பினோம்.

அதன் பிறகு நடந்த கூத்து தனி. சனி மாலை: வழிகாட்டிக்குக் காய்ச்சல். ஞாயிறு: உங்கள் புகாருக்கு எண் கொடுத்திருக்கிறோம், 48 மணி நேரம் பொறுங்கள். திங்கள் காலை: வானிலைக் காரணம் என்பதால் பணம் திரும்பாது, அடுத்த சீசனுக்கு வவுச்சர் தருகிறோம். என்ன வானிலை? வானம் அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. போன் எடுப்பதை நிறுத்திவிட்டான். நேற்று இரவு பார்த்தால் அந்த எண்ணே இல்லை. வங்கியில் கேட்டால், டெபாசிட் ஆன இ-டிரான்ஸ்ஃபரை நாங்கள் திருப்ப முடியாது என்கிறார்கள். போலீசில் ஒரு கோப்பு எண் கொடுத்தார்கள். கனடிய மோசடித் தடுப்பு மையத்திலும் பதிந்திருக்கிறேன். 1,860 டாலர், மோட்டல் செலவு தனி. நண்பர் தன் பாதியைக் கொடுக்கிறேன் என்கிறார், வாங்க மனம் வரவில்லை. வீட்டில், "அந்த ஆளிடம் லைசன்ஸ் கேட்டீங்களா?" என்ற ஒரே கேள்வியோடு மனைவி நிறுத்திக்கொண்டாள். கேட்கவில்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ஏ.சி.எம்.ஜி (கனடிய மலை வழிகாட்டிகள் சங்கம்) சான்று இருக்கிறதா, பூங்காவில் தொழில் செய்ய உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெர்மிட்டை நீங்களே எடுங்கள். ஹட்டை, அதை நடத்தும் அல்பைன் கிளப்பிடம் நேராகப் பதியுங்கள். பீக்கனைக் கையில் வாங்கிப் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கார்டில் கட்டுங்கள், ஐந்து சதவீதம் போனால் போகட்டும்.

வங்கியிலிருந்து அழைப்பு வருகிறது. மீதி அப்புறம்.