ஃபிரிட்ஜ் டிஸ்பென்சர் பழுது: ஃபில்டரா, வால்வா, தண்ணீர் அழுத்தமா?

சைடு பை சைடு ஃபிரிட்ஜின் கதவில் உள்ள டிஸ்பென்சரில் தண்ணீர் நூலாக இறங்கத் தொடங்கினாலோ, ஐஸ் கட்டிகள் விழுவது நின்றுபோனாலோ, பொதுவாக மூன்று யோசனைகள் நம் காதுக்கு வருகின்றன. ஃபில்டரை மாற்றுங்கள் என்பது ஒன்று. பின்புறமுள்ள இன்லெட் வால்வை, அதாவது ஃபிரிட்ஜுக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் மின்வால்வை, மாற்றுங்கள் என்பது மற்றொன்று. தண்ணீரின் அழுத்தம் போதவில்லை, பிரஷர் பம்ப் வையுங்கள் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரை நம்பியிருக்கும் நம் ஊர் வீடுகளில், கடைசியாகச் சொல்லப்படும் அந்த மூன்றாவது காரணத்தைத்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எதற்கும் முன்பாக, பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். தண்ணீர், ஐஸ் இரண்டும் ஒருசேரக் குறைந்திருந்தால், இரண்டுக்கும் பொதுவான பாதையில்தான் குறை இருக்கும். அதாவது வீட்டுக் குழாய், ஃபில்டர், அழுத்தம் ஆகியவற்றில் ஒன்று. தண்ணீர் நன்றாக வந்து ஐஸ் மட்டும் வரவில்லையென்றால் ஐஸ் மேக்கரையும் அதற்குத் தண்ணீர் ஊற்றும் சிறு குழாயையும் பார்க்க வேண்டும். ஐஸ் விழுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் ஃப்ரீசர் கதவுக்குள் செல்லும் குழாய் உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். பொத்தானை அழுத்தியும் எந்தச் சத்தமும் எழவில்லையென்றால், குழந்தைகளுக்கான பூட்டு போடப்பட்டிருக்கிறதா, கதவு முழுவதும் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே மெக்கானிக்கை அழைக்கலாம். கதவு சற்றுத் திறந்திருந்தாலும் டிஸ்பென்சர் வேலை செய்யாது.

ஃபில்டரை மாற்றுவது மூன்றில் எளிதானது. கருவி எதுவும் தேவையில்லை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அழுக்குத் தண்ணீரில் அதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும். ஆயினும் புது ஃபில்டர் வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஃபிரிட்ஜுடன் கொடுக்கப்பட்ட பைபாஸ் மூடியை (ஃபில்டர் இல்லாமலே தண்ணீரைக் கடத்திவிடும் மூடி) பொருத்தி, ஒரு டம்ளர் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று இரண்டு நிலைகளிலும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். மூடியுடன் வேகம் தெளிவாகக் கூடினால் ஃபில்டர்தான் குற்றவாளி. கூடவில்லையென்றால் அதை மாற்றுவது வீண் செலவு. ஃபில்டரிடம் இல்லாத திறனை அதனிடம் எதிர்பார்ப்பதும் தவறு. அதில் இருப்பது பெரும்பாலும் கார்பன். குளோரின் வாடையையும் சுவையையும் அது குறைக்கும், ஆனால் தண்ணீரில் கரைந்த உப்பைக் குறைக்காது. போர் தண்ணீரில் செய்த ஐஸ் கரைந்தபின் டம்ளரின் அடியில் வெள்ளையாகப் படிவது இதனால்தான். கிருமி நீக்கப்படாத தண்ணீரில் இந்த ஃபில்டரை நம்ப வேண்டாம் என்று அதன் உறையிலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும்.

இனி அழுத்தம். பல ஃபிரிட்ஜ்களின் கையேடுகள் குறைந்தபட்சம் 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அழுத்தம் கேட்கின்றன, சில 30-க்கு மேல் கேட்கின்றன. தண்ணீரின் உயரம் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 1.4 பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும். அப்படியானால் 20 பி.எஸ்.ஐ. வேண்டுமென்றால் தொட்டியின் நீர்மட்டம் ஃபிரிட்ஜின் வால்வுக்கு 14 மீட்டர் மேலே இருக்க வேண்டும், அதாவது நான்கைந்து மாடி உயரம். ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் டிஸ்பென்சர் ஒழுங்காக ஓடுவதும், அதே மாடல் உச்சி மாடியில் 5 அல்லது 6 பி.எஸ்.ஐ. மட்டும் பெற்றுத் திணறுவதும் இந்தக் கணக்கின்படியே நடக்கிறது. உச்சி மாடிக்காரர் ஃபிரிட்ஜ் பழுது என்று புகார் கொடுப்பார். ஆனால் பழுது ஃபிரிட்ஜில் இருக்காது.

குறைந்த அழுத்தம் தண்ணீரின் வேகத்தை மட்டும் குறைப்பதில்லை என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. இன்லெட் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு, தண்ணீரின் அழுத்தத்தைப் பயன்படுத்தித்தான் இறுக மூடிக்கொள்கிறது. அழுத்தம் போதாதபோது அது முழுவதும் மூடாமல் சொட்டுச் சொட்டாகக் கசியும். அந்தச் சொட்டுகள் ஐஸ் மேக்கருக்குச் செல்லும் குழாயின் வாயில் உறைந்து அதை அடைத்துவிடும். வால்வு கெட்டுவிட்டது என்று புதிதாக மாற்றினாலும், அழுத்தம் மாறாதவரை புது வால்வும் அதேபோல் கசியும். ஆகவே வால்வுக்குப் பணம் கொடுக்கும் முன் அழுத்தத்தை அளந்துவிடுவது நியாயம். குழாயைப் பின்புறத்தில் கழற்றி வாளியில் விட்டுப் பார்ப்பது முதல்கட்டச் சோதனைதான்; திறந்த குழாயில் குறைந்த அழுத்தத்திலும் தண்ணீர் ஓரளவு நன்றாகவே விழும். பிளம்பரிடம் உள்ள சிறிய பிரஷர் கேஜைக் குழாயின் முனையில் பொருத்திப் பார்ப்பதே நம்பகமானது.

தண்ணீரை ஃபிரிட்ஜுக்கு எங்கிருந்து கொடுப்பது என்பதிலும் போட்டியிடும் வழிகள் உண்டு. மேல்நிலைத் தொட்டியிலிருந்து நேரடி இணைப்பு எடுப்பது மலிவு. ஆனால் உப்பும் மணலும் வால்வின் வலையில் சேரும். குடிநீரில் கரைந்த திடப்பொருளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 10500 தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர் அதைத் தாண்டினால் நேரடி இணைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்.ஓ. சுத்திகரிப்பானிலிருந்து இணைப்பு எடுத்தால் உப்புப் பிரச்சினை தீரும், ஆனால் அழுத்தப் பிரச்சினை முன்னைவிட மோசமாகும். ஆர்.ஓ.வுக்குள்தான் பம்ப் இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். அந்தப் பம்ப் தண்ணீரை மெம்பரேனுக்குள், அதாவது உப்பைப் பிரிக்கும் மெல்லிய சவ்வுக்குள், தள்ளுவதற்கானது. சுத்தமான தண்ணீர் அதன்பின் ஒரு சிறு தொட்டியில் விழுந்து நிற்கிறது. அங்கிருந்து வெளியேறும்போது அதற்கு அழுத்தமே இருப்பதில்லை. தொட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையில், பிரஷர் ஸ்விட்ச் உள்ள தனிப் பம்ப் ஒன்றை வைத்தால்தான் ஆர்.ஓ. இணைப்பு முழுமை பெறும். அப்படி வைத்துவிட்டால் ஃபிரிட்ஜின் சொந்த ஃபில்டர் பெரிதும் தேவையற்றதாகிவிடும். பைபாஸ் மூடியே போதும், அழுத்தமும் மிஞ்சும். 20 லிட்டர் கேனிலிருந்து சிறு பம்ப் மூலம் ஊட்டுவது மூன்றாவது வழி. வாடகை வீட்டுக்கு அது ஏற்றது; ஆனால் கேன் காலியானதைக் கவனிக்காவிட்டால் குழாயில் காற்று புகுந்து, புதுப் பழுதுபோலத் தோன்றும். மூன்றில் நான் தேர்ந்தெடுப்பது, தனிப் பம்புடன் கூடிய ஆர்.ஓ. இணைப்பைத்தான்.

அழுத்தம் சரியாக இருந்தும் தண்ணீர் வரவில்லையென்றால் உறைந்த குழாயா, கெட்ட வால்வா என்ற கேள்வி எழும். பொத்தானை அழுத்தும்போது பின்புறத்தில் உர்ரென்ற ஒலி கேட்டால் வால்வின் மின்சுருள் இயங்குகிறது என்று பொருள்; அப்போது குழாய் உறைந்திருப்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஃப்ரீசரின் வெப்பநிலையை மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வெகுவாக இறக்கி வைத்திருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். மின்சாரத்தை நிறுத்தி, ஃப்ரீசரில் உள்ளதை வேறிடத்தில் வைத்து, கதவைச் சில மணி நேரம் திறந்து வைப்பது மெதுவான வழி, ஆனால் பாதுகாப்பானது. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்தும் உருக்கலாம். அருகில் காட்டினால் உள்பக்கப் பிளாஸ்டிக் வளைந்துவிடும். உருக்கியபின் மீண்டும் மீண்டும் உறைந்தால், வால்வு கசிகிறது என்றே கொள்ள வேண்டும். ஒலியே எழவில்லை, மின்சாரம் துண்டித்தபின் மல்டிமீட்டரில் சுருள் அறுந்ததாகக் காட்டுகிறது என்றால் தயங்காமல் வால்வை மாற்றலாம். வால்வின் நுழைவாயிலில் உள்ள வலையைக் கழுவிப் பொருத்துவது சரி. ஆனால் வால்வையே பிரித்துச் சீர்செய்து மறுபடி மாட்டுவதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் அது பிறகு கசிந்தால் நனைவது சமையலறைத் தரையும் கீழ்வீட்டுக் கூரையும்தான்.

கண்ட்ரோல் போர்டை (ஃபிரிட்ஜை இயக்கும் மின்னணுப் பலகை) மாற்றச் சொல்பவரிடம், வால்வுக்கு மின்சாரம் வருகிறதா என்று அளந்து காட்டும்படி கேளுங்கள். அளக்காமல் சொல்லப்படும் போர்டு மாற்றத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

குழாய் இணைப்பே வேண்டாம் என்பவர்களுக்குக் கதவுக்குள் தொட்டி வைத்த மாடல்கள் உள்ளன. தொட்டியைச் சரியாக அமர்த்தாதது, ரப்பர் வளையம் தேய்ந்தது என்ற இரண்டுமே அவற்றின் முக்கியக் குறைகள். இவற்றில் பலவற்றில் தானியங்கி ஐஸ் கிடையாது. தட்டைத் திருகித்தான் கட்டிகளை எடுக்க வேண்டும். இருந்தும், அழுத்தம் தரவே முடியாத வீட்டில் குழாய் மாடலை வாங்கிப் போராடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எந்த வழியில் சரிசெய்தாலும், முதலில் ஒரு வாளித் தண்ணீரை டிஸ்பென்சர் வழியே ஓடவிட்டுக் காற்றையும் கார்பன் தூளையும் வெளியேற்ற வேண்டும். ஐஸ் முழுவதும் நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். முதல் சில ஈடுகளைப் பயன்படுத்தாமல் கொட்டிவிட வேண்டும். சீக்கிரம் ஐஸ் வேண்டும் என்ற அவசரத்தில் ஃப்ரீசரின் குளிரை மேலும் கூட்டினால், கதவுக் குழாய் மறுபடியும் உறைந்துகொள்ளும்.