மேகம் மூடிய இரவுகளும் ஒரு வினாடி வினா நோட்டும்: ஏழு ஆண்டு அனுபவம்

வானம் பார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு நட்சத்திரங்களைவிட மேகங்களோடுதான் பழக்கம் அதிகம். தொலைநோக்கியைச் சுமந்துகொண்டு இருட்டான இடம் தேடிப் போய், முக்காலியை நிறுத்தி, மூடியைக் கழற்றும் நேரம் பார்த்து அடிவானத்தில் ஒரு திரை எழும்பும். கலைந்துவிடும் என்று தோன்றும், கலையாது. சரி, கிளம்பலாம் என்று மூட்டை கட்டினால் அப்போது கலைந்து தொலைக்கும். எங்கள் குழுவில் பதினைந்து பேர் வரை உண்டு. காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட முடியாது, இருட்டு. அந்த நேரத்துக்காக 2018இல் ஒரு பொது அறிவு வினாடி வினாவைத் தொடங்கினோம். இன்னும் நடக்கிறது. இந்த ஏழு ஆண்டில் எது நிலைத்தது, எது உதிர்ந்தது என்பதை எழுதிவைக்கிறேன். பறவை பார்ப்பவர்கள், அஞ்சல்தலை சேர்ப்பவர்கள் என்று எந்தக் குழு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில், எங்களுக்குத் தானாக வாய்த்த ஒரு வசதியைச் சொல்லிவிடுகிறேன். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடமாவது ஆகும். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி மெல்ல மெல்லச் சேர வேண்டும். ஒரே ஒரு கைப்பேசித் திரை ஒளிர்ந்தால் போதும், சேர்ந்தது போய்விடும். சிவப்பு ஒளி அந்தச் செல்களை அவ்வளவாக உறுத்துவதில்லை என்பதால் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சுக்கு மட்டும் அனுமதி. ஆகவே இணையத்தில் தேடிவிட்டுத் தெரிந்ததுபோலச் சொல்லும் வித்தை எங்களிடம் பலிக்காது. திரை மினுங்கிய கணமே பத்துப் பேர் கத்துவார்கள். இதன் அருமை 2020இல்தான் புரிந்தது. வெளியே போக முடியாமல் சில மாதம் காணொளி அழைப்பில் நடத்தினோம். எல்லாரும் திடீரென்று மேதைகளாகிவிட்டார்கள். உகாண்டாவின் தலைநகரமும் டங்ஸ்டனின் உருகுநிலையும் மூன்று நொடியில் வந்தன. நான்காவது வாரம் யாருக்கும் ஆர்வம் இல்லை.

முதல் ஆண்டு மதிப்பெண் பட்டியல் வைத்திருந்தோம். இது என்னுடைய யோசனை. என்னுடைய தவறும் இதுதான். பட்டியல் வந்ததும் பேச்சு குறைந்தது. பதில் ஓரளவு தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை, தவறாகப் போனால் மதிப்பெண் குறையுமே என்று. உடனே சொல்பவர்கள் மூன்று பேர்தான், வாராவாரம் அதே மூன்று பேர். அரை மதிப்பெண் தரலாமா கூடாதா என்று ஒரு வழக்கு இரவு இரண்டு மணிவரை நடந்ததும் உண்டு. நன்றாகப் பழகிக்கொண்டிருந்த ஓர் அக்கா வருவதையே நிறுத்திவிட்டார். பிறகு கேட்டபோது, “வேலையிலும் மதிப்பெண், இங்கேயுமா தம்பி?” என்றார். அடுத்த வாரமே பட்டியலைக் கிழித்தேன். அவர் திரும்பி வந்தார்.

நடுவில் ஒரு வினாடி வினாச் செயலியையும் இறக்கிப் பார்த்தோம். நொடிக்கணக்குக் காட்டும் வட்டம், தவறான பதிலுக்கு ஓர் அலறல், கண்ணைக் குத்தும் வெள்ளைத் திரை. ஒரே இரவுதான். அதைப் பற்றி அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் மாற்றியது ஒரு பேனா. அந்த வாரம் கேள்வி தயாரிக்கும் முறை என்னுடையது. நோட்டில் கறுப்பு மையால் கேள்வியையும் நான்கு விடைகளையும் எழுதி, சரியான விடையைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டேன். வீட்டில் மேசை விளக்கடியில் பார்க்கும்போது பளிச்சென்று அழகாக இருந்தது. இரவில் சிவப்பு டார்ச்சை அடித்தேன். கறுப்பு எழுத்துகள் அப்படியே இருக்கின்றன, வட்டங்களைக் காணவில்லை. வெள்ளைத் தாளும் சிவப்பு மையும் சிவப்பு ஒளியை ஒரே மாதிரி திருப்பி அனுப்புகின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நோட்டைச் சாய்த்துப் பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன். பேனா அழுத்திய பள்ளம் கையில் தட்டுப்பட்டது, ஆனால் எது எந்த விடை என்று தெரியவில்லை. வெள்ளை விளக்கைப் போட யாரும் விடமாட்டார்கள். ஒரு வாரமாக அங்கங்கே பார்த்துச் சேர்த்த கேள்விகள், பாதிக்கு எனக்கே விடை நினைவில்லை. ஒப்புக்கொண்டேன்.

“நல்லதாகப் போயிற்று. நீங்களும் எங்களோடு உட்காருங்கள்” என்றார் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்.

முதல் கேள்வி, எந்த நாட்டில் நேர மண்டலங்கள் அதிகம் என்பது. ரஷ்யா என்று நாலைந்து குரல்கள். கல்லூரி மாணவி ஒருத்தி மட்டும், “பிரான்ஸ், ஐயா” என்றாள். சிரிப்பு. அவள் விடவில்லை. ரஷ்யா எவ்வளவு அகலமானாலும் ஏறக்குறைய ஒரே துண்டு நிலம். பிரான்சுக்குப் பசிபிக்கில் தீவுகள் உண்டு, கரீபியனில் உண்டு, இந்தியப் பெருங்கடலில் உண்டு, தென் அமெரிக்காவில் ஒரு பெரிய நிலப்பகுதியே உண்டு. எண்ணிப் பாருங்கள் என்றாள். இருட்டில் பத்துப் பேர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். ஆசிரியர் ஒவ்வொரு தீவையும் தீர்க்கரேகையோடு கேட்க, அவள் உத்தேசமாகச் சொல்ல, முக்கால் மணி நேரம் ஓடியது. அடுத்து, நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு சூரியனை ஒரு முழுச் சுற்று சுற்றி முடித்ததா என்ற கேள்வி. 1846இல் கண்டுபிடித்தார்கள் என்பது ஒருவருக்குத் தெரியும். ஒரு சுற்றுக்கு 165 ஆண்டு ஆகும் என்பது இன்னொருவருக்குத் தெரியும். இரண்டையும் கூட்ட மூன்றாமவர் வேண்டியிருந்தது. 2011இல் முடித்துவிட்டது.

விடிந்ததும் நோட்டைத் திறந்தோம். பிரான்சின் மேல் வட்டம் இருந்தது: பன்னிரண்டு மண்டலங்கள், ரஷ்யாவுக்குப் பதினொன்று. “தோற்றுவிட்டேன் அம்மா” என்று ஆசிரியர் கைகூப்பினார். அன்றிலிருந்து விடைகளை வேண்டுமென்றே சிவப்பு மையில்தான் எழுதுகிறோம். கேள்வி கேட்பவரும் விடியும்வரை விடையைப் பார்க்க முடியாது. ஒருவர் தயாரித்த நோட்டை இன்னொருவர் படிப்பது என்றும் ஆக்கிவிட்டோம். வெளிச்சமான அறையில் கூடுபவர்கள் விடைகளை உறையில் போட்டு ஒட்டிவைக்கலாம். இவ்வளவு ருசிக்குமா என்றால், தெரியாது.

இந்த ஏற்பாட்டில் எல்லாக் கேள்வியும் தேறுவதில்லை. ஆக்டோபசுக்கு எத்தனை இதயம் என்று கேட்டால், தெரிந்தவர் மூன்று என்பார், தெரியாதவர் சும்மா இருப்பார், கேள்வி அதோடு செத்துப்போகும். யோசித்து எட்டிப் பிடிக்கக்கூடிய கேள்விதான் நெடுநேரம் உயிரோடு இருக்கும். அட்லாண்டிக் பக்கமிருந்து பனாமா கால்வாய்க்குள் நுழையும் கப்பல் பசிபிக்குக்கு எந்தத் திசையில் போகும்? மேற்கே என்று நாக்கு நுனியில் வரும். அந்த இடத்தில் நிலம் படுத்த எஸ் எழுத்துபோல வளைந்திருப்பதால் தென்கிழக்காகப் போகிறது. மண்ணில் குச்சியால் வரைந்து சண்டை போட ஏற்ற கேள்வி. இங்கே அமாவாசை நாளில் நிலவில் நிற்பவருக்குப் பூமி எப்படித் தெரியும் என்பது இன்னொன்று. முழுப் பூமி தெரியும். வானம் பார்ப்பவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் எங்களில் ஏழு பேர் இதில் தவறினோம்.

நீண்ட நாள் நடத்தினால்தான் தெரியும் ஒரு தொல்லை உண்டு: விடைகள் கெட்டுப்போகின்றன. முதல் நோட்டின் முதல் பக்கத்தில் எந்தக் கோளுக்கு நிலவுகள் அதிகம் என்ற கேள்வி இருக்கிறது. 2018இல் எழுதிய விடை வியாழன், 79. மறு ஆண்டு அக்டோபரில் சனிக்கு 20 புதிய நிலவுகள் சேர்ந்து 82 ஆயிற்று. அடித்துச் சனி என்று எழுதினோம். 2023 பிப்ரவரியில் வியாழன் 92ஆக ஏறி முந்தியது; மறுபடி அடித்தல். அதே ஆண்டு மே மாதம் சனி 145, பிறகு ஒன்று கூடி 146. 2025 மார்ச்சில் ஒரே மூச்சில் இன்னும் 128 சேர்ந்து 274. அந்தப் பக்கத்தில் இப்போது எழுத இடமில்லை, துண்டுத்தாள் ஒட்டியிருக்கிறது. கஜகஸ்தான் தலைநகரின் கதையும் இதேதான்: அஸ்தானா 2019இல் நூர் சுல்தான் ஆனது, 2022இல் திரும்ப அஸ்தானா. நடுவில் அடித்து எழுதாமல் சோம்பேறித்தனமாக இருந்தவர் கடைசியில் சரியானவராகிவிட்டார். இப்போது ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் மாதமும் ஆண்டும் போடுகிறோம். பழைய வினாடி வினாப் புத்தகங்களிலிருந்து அப்படியே கேள்வி எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

புத்தகத்தில் இருப்பதாலேயே நம்பவும் முடியாது. கொலம்போ என்ற தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் ஃபிலிப் என்று, தன்னைக் காப்பியடிப்பவர்களைப் பிடிப்பதற்காகவே, ஒரு துணுக்குக் களஞ்சியத்தில் பொய்யாகப் புகுத்தி வைத்தார் ஃபிரெட் வொர்த். டிரிவியல் பர்சூட் விளையாட்டின் அட்டையில் ஃபிலிப் வந்து நின்றது. 1984இல் வழக்குப் போட்டார், தோற்றார். தகவல்கள் யாருக்கும் சொந்தமல்ல என்றாகிவிட்டது. எனக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை பேர் அந்த ஃபிலிப்பைச் சரியான விடை என்று மனப்பாடம் செய்திருப்பார்கள் என்று நினைத்தால் கோபமும் வருகிறது. நானும் சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்று ஒருமுறை விடை எழுதி, ஒரு பள்ளி மாணவனிடம் மாட்டிக்கொண்டேன். “தொலைநோக்கியை நிலவுக்குத் திருப்பினாலே அதன் தரையில் இருக்கும் லாரி அளவுப் பாறை தெரிவதில்லையே, அங்கிருந்து வெறுங்கண்ணால் சுவரின் அகலம் எப்படித் தெரியும், மாமா?” என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

குறைகள் இன்னும் தீரவில்லை. கிரிக்கெட் பைத்தியம் ஒருவருக்கு முறை வந்தால் அந்த இரவு முழுவதும் கிரிக்கெட்தான். ஒருவருக்கு ஒரே துறையில் இரண்டு கேள்விக்கு மேல் கூடாது என்று விதி போட்டோம். அவர் கிரிக்கெட் மைதானங்களின் புவியியல் என்று புதுத் துறை திறந்தார். புதிதாக வருபவர்கள் முதல் இரண்டு வாரம் பேசுவதில்லை. அவர்களை அடுத்த நோட்டைப் படிக்கச் சொல்கிறோம். படிப்பவரைப் பார்த்து எல்லாரும் பேச வேண்டியிருப்பதால் கூச்சம் சீக்கிரம் போகிறது. இந்த வழி இதுவரை பொய்க்கவில்லை.

பெரிய குறை ஒன்றுதான், அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. மேகம் விலகியதும் வினாடி வினா அந்த இடத்திலேயே நின்றுவிடும். பாதிச் சொல்லில் விட்டுவிட்டு எல்லாரும் தொலைநோக்கிக்கு ஓடுவார்கள். அப்படி நின்ற கேள்விகளின் ஓரத்தில் ‘மே’ என்று குறித்துவைக்கிறோம், மேகம் என்பதற்கு. அவற்றுக்கு மட்டும் காலையிலும் நோட்டைத் திறப்பதில்லை. அடுத்த மேகத்துக்கு என்று விட்டுவைக்கிறோம். மூன்று நோட்டுகளில் நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. பன்னிரண்டு மணி நேரத்தில் கடிகாரத்தின் இரு முள்களும் எத்தனை முறை ஒன்றன்மேல் ஒன்று வரும் என்ற கேள்வி மூன்று ஆண்டுகளாக அப்படியே கிடக்கிறது. பன்னிரண்டு என்று சொன்ன கிரிக்கெட்காரர் கையை முள்ளாக்கி விளக்கிக்கொண்டிருந்தபோது வியாழன் வெளியே வந்துவிட்டது.