ஜாங்கோ 5.2-இன் கூட்டுச் சாவி: கொலுசுக் கணக்குக்குப் போதுமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். இங்கே ‘127-ஆம் பில்’ என்று மட்டும் சொன்னால் யாருக்கும் விளங்காது. எந்தப் பட்டறை, எந்த நிதியாண்டு என்பதும் வேண்டும். ஏப்ரல் பிறந்தால் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஜிஎஸ்டி விதியும் பில் எண் அந்த நிதியாண்டுக்குள் தனித்து இருந்தால் போதும் என்கிறது. பட்டறை, ஆண்டு, எண் மூன்றும் சேர்ந்ததுதான் பில்லின் அடையாளம்.

இப்படிப் பல புலங்கள் சேர்ந்து ஒரு பதிவின் அடையாளமாவதுதான் கூட்டுச் சாவி. இதை அப்படியே தரவுத்தள அட்டவணையில் எழுத, பைத்தான் மொழியில் வலைச் செயலிகள் கட்ட உதவும் ஜாங்கோவில் நெடுங்காலம் வழியில்லை. 2005-இல் எழுந்த கோரிக்கை, 2025 ஏப்ரலில் வந்த 5.2 பதிப்பில் நிறைவேறியது. அட்டவணையை விவரிக்கும் நிரலான மாடலில் ‘காம்போசிட் பிரைமரி கீ’ என்று ஒரே வரியில் மூன்று புலங்களையும் குறிப்பிட்டால் போதும். தேடும்போது மூன்று மதிப்புகளையும் ஒரே டப்பிளாக, அதாவது ஒரே தொகுப்பாகக் கொடுக்கலாம். எவ்வளவு காத்திருந்தோம்! எழுதிய நிரலைப் படித்தாலே தொழில் புரிகிறது.

ஓர் எச்சரிக்கை. புதுப் பில்லை ‘கிரியேட்’ மூலமே போடுங்கள். எண் இரட்டித்தால் பிழை காட்டி நிற்கும். ‘சேவ்’ முதலில் அதே சாவியுள்ள பழைய பில்லைத் திருத்தப் பார்க்கும். பழைய தொகை போய்விடும்.

பெரிய குறை வேறு. கொடுத்த வெள்ளியின் எடை, சேதாரம், கூலி என ஒவ்வொரு வரியும் தன் பில்லைச் சுட்ட வேண்டும். ஆனால் ஓர் அட்டவணையிலிருந்து இன்னொன்றைச் சுட்டப் பயன்படும் ‘ஃபாரின் கீ’, 5.2-இல் கூட்டுச் சாவியுள்ள மாடலைச் சுட்டாது. மாற்றாகச் சொல்லப்படும் ‘ஃபாரின் ஆப்ஜெக்ட்’ தரவுத்தளத்தில் எந்தக் கட்டுப்பாட்டையும் உருவாக்காது. பில் இல்லாத சேதாரப் பதிவு ஒன்று உள்ளே நுழைந்தால் தடுப்பார் இல்லை. கிராம் கணக்கில் வெள்ளி கைமாறும் தொழிலில் இதை நான் ஏற்க மாட்டேன். இத்தகைய மாடலை ஜாங்கோவின் நிர்வாகப் பக்கமான அட்மினில் பதியவும் முடியாது. பழைய அட்டவணையை, அதன் அமைப்பை மாற்றும் வசதியான மைக்ரேஷன் வழியே கூட்டுச் சாவிக்கு மாற்றவும் முடியாது. பைத்தானின் இன்னொரு தரவுத்தளக் கருவியான எஸ்க்யூஎல்ஆல்கெமியிலோ பல புலச் சாவியைப் பல புலங்களால் சுட்டுவது பழைய வசதி.

ஆகவே பில்லுக்குச் சாதாரண ஐடியைக் கொடுத்து, மூன்று புலங்களுக்கும் சேர்த்து ‘யூனிக்’ கட்டுப்பாடு போடுகிறேன். யாரும் சுட்டத் தேவையில்லாத பில் வரிகளுக்கு மட்டும் பில் ஐடியும் வரிசை எண்ணும் சேர்ந்த கூட்டுச் சாவி. அந்த இடத்தில் 5.2-ஐத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.