கேபினா, லக்கேஜா, கார்கோவா? பூனையோடும் சின்ன நாயோடும் ஐரோப்பா போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து ஜெர்மனிக்கோ பிரிட்டனுக்கோ குடிபெயர்கிறவர்கள் முதலில் டிக்கெட் விலையைத்தான் விசாரிப்பார்கள். கூடவே பூனையோ சின்ன நாயோ வருகிறது என்றால், போகிற நாடு அதை எந்த வழியாக உள்ளே விடும் என்பதை முதலில் பாருங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

வழி மூன்று: உங்களோடு கேபினில், அதே விமானத்தின் அடியறையில் லக்கேஜாக, தனிச் சரக்காகப் பதிந்து கார்கோவில். மூன்றுக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. தோலுக்கடியில் வைக்கும், ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரத்திலான 15 இலக்க மைக்ரோசிப், அதன் பிறகு ரேபிஸ் தடுப்பூசி, குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் டைட்டர் பரிசோதனை (ரத்தத்தில் ரேபிஸ் எதிர்ப்பு எவ்வளவு என்று அளப்பது). எதிர்ப்பு அளவு மில்லி லிட்டருக்கு 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். குட்டிக்கு 12 வாரம் நிரம்பிய பிறகே ஊசி கணக்கில் வரும் என்பதால், குட்டிக்கு ஏறக்குறைய 7 மாதம் ஆகும் முன் பயணமே இல்லை. சிப் வைப்பதற்கு முன்பு போட்ட ஊசி செல்லாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். அடுத்த ஊசியின் கெடு ஒரு நாள் தவறினாலும் டைட்டர் முடிவு காலாவதி. மொத்தமும் மறுபடி முதலிலிருந்து. பயணத்துக்கு முந்தைய 10 நாளுக்குள் சுகாதாரச் சான்றிதழ் வாங்க வேண்டும். இதற்காகப் பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். சிப் எண்ணை எல்லாத் தாளிலும் இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி வழிகள். ஜெர்மனிக்குப் பூனையோடு போகிறீர்கள் என்றால் எங்கள் ஓட்டு கேபினுக்குத்தான். லுஃப்தான்சாவின் சென்னை–ஃபிராங்க்ஃபர்ட் நேரடி விமானத்தில் மாறி ஏறும் தொல்லை இல்லை. பையோடு சேர்த்து 8 கிலோதான் வரம்பு. முன் இருக்கையின் அடியில் அடங்கும் மெத்தென்ற பை வேண்டும். ஒரு விமானத்தில் சில விலங்குகளுக்கே இடம் என்பதால், விலங்குக்கு இடம் உறுதியான பிறகே உங்கள் டிக்கெட்டை எடுங்கள். ஒரு மாதம் முன்பே பையை வீட்டில் திறந்து வைத்து, அதற்குள்ளேயே சாப்பாடு வையுங்கள். பாதுகாப்புச் சோதனையில் பை மட்டும் எக்ஸ்ரேக்குள் போகும், பூனை உங்கள் கையில் இருக்கும். உடல்பட்டை (ஹார்னஸ்) போடாத பூனை அந்த நேரத்தில் துள்ளிக் குதித்தால் விமான நிலையம் முழுக்கத் தேட வேண்டியதுதான். கடைசிச் சாப்பாடு 4–6 மணி நேரம் முன்பு, கொஞ்சமாக. தண்ணீரை நிறுத்த வேண்டாம்.

8 கிலோவைத் தாண்டிய நாய்க்கு லக்கேஜ் வழி. அதே விமானம், காற்றழுத்தம் உள்ள தனி அறை, கார்கோவைவிடச் செலவு குறைவு. ஆனால் சென்னையின் மே மாத வெயிலில் ஓடுபாதை ஓரம் கூண்டு காத்திருக்க நேரலாம். நள்ளிரவு விமானமே நல்லது. பக், ஷிட்சூ, பாரசீகப் பூனை போன்ற சப்பை மூக்கு இனங்களைப் பல நிறுவனங்கள் சரக்கு அறையில் ஏற்றுவதில்லை. சூட்டில் அவற்றுக்கு மூச்சுத் திணறும். மயக்க மருந்து கொடுக்கவே கூடாது: ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு மந்தமாகும், கவனிக்க அருகில் ஆள் இருக்காது.

பிரிட்டனுக்கு விமானத்தில் என்றால் கார்கோ மட்டுமே. வழிகாட்டி நாய் போன்ற உதவி நாய்களுக்குத்தான் விலக்கு. இங்கே விலங்குகளை அனுப்பிவைக்கும் முகவருக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. கூண்டை மட்டும் நீங்களே அளந்து சரிபாருங்கள். நீளம்: மூக்கு நுனியிலிருந்து வால் அடி வரை, அதோடு தரையிலிருந்து முழங்கை வரையான உயரத்தில் பாதி. அகலம்: தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு. உயரம்: நிற்கும்போது தலை உச்சி அல்லது காது நுனி வரை, அதோடு விரிப்பின் தடிமன். சப்பை மூக்கு இனத்துக்கு எல்லாவற்றிலும் 10% கூட்டுங்கள். பிளாஸ்டிக் கொக்கியை நம்பாமல் இரும்பு போல்ட் போடுங்கள்; கதவைத் திறக்காமலே தண்ணீர் ஊற்ற வசதி வேண்டும். உங்கள் பயணமும் விலங்கின் பயணமும் 5 நாள் இடைவெளிக்குள் அமைய வேண்டும். மீறினால் வணிக இறக்குமதி விதிகள் வந்துவிடும்.

கார்கோ மனதுக்கு ஒப்பவில்லையா? ஆம்ஸ்டர்டாம் வரை கேபினில் போய், ஹூக் வான் ஹாலந்திலிருந்து ஹாரிச்சுக்குக் கப்பல் ஏறலாம். பாரிஸில் இறங்கினால் கலேயிலிருந்து, காரோடு ஏற்றிச் செல்லும் கடலடிச் சுரங்க ரயில். பயணம் ஒரு நாள் நீளும், ஆனால் பூனை உங்கள் பார்வையை விட்டு அதிகம் விலகாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் சான்றிதழ் வேறு வேறு என்பதால் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். நாய் என்றால் பிரிட்டனுக்குள் நுழைவதற்கு முந்தைய 24–120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்தை மருத்துவர் கொடுத்துப் பதிந்திருக்க வேண்டும். வழியில் ஓரிரு நாள் தங்குவதாக இருந்தால் இந்தக் கணக்கு எளிதில் தவறும்.

முயலும் ஹாம்ஸ்டரும் சின்ன உயிர்கள்தானே என்று நினைக்க வேண்டாம். இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனால் அவை 4 மாதம் தனிமைப்படுத்தலில் இருக்க வேண்டும். 2, 3 ஆண்டுதான் வாழும் ஹாம்ஸ்டருக்கு அது பெரிய தண்டனை. அதை இங்கேயே நல்ல கையில் ஒப்படைத்துவிட்டுப் போவதே அன்பு.